முந்நூற்றுப் பதினெட்டுக்கு ஒன்று

மார்ச் 6

அம்மாடி,

போனில் நான் பாதியில் பேச்சை வெட்டியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நம் வீட்டுச் சுவருக்கும் அட்டைப்பெட்டிக்கும் பெரிய வித்தியாசமில்லை. இருபத்தாறு வருடமாகப் பெட்டிக்கு அட்டை வெட்டுகிறவன் சொல்கிறேன், நம்பு. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் நான் மூக்கைத் துடைத்துக்கொள்கிறேன். அதனால்தான் கடிதம். தபால் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து, கயிறு கட்டிய பேனாவால் எழுதுகிறேன். கயிறு குட்டை. எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அது கயிற்றின் குற்றம். பயம் தனியாக இருக்கிறது, அதைக் கீழே எழுதுகிறேன்.

நீ ஓட்டுப் போட்டுவிட்டு திங்கட்கிழமை ரயில் ஏறினாய். புதன்கிழமை எண்ணினார்கள். வார்டில் நம் கட்சிதான் ஜெயித்தது. நம் கட்சி என்றால் நான் பிறப்பதற்கு முன்னாலேயே நம் கட்சி. ஆனால் பூத் வாரியாகக் கணக்கு வந்தது. நம் குடியிருப்புக்கென்றே உள்ள பூத்தில் மொத்தம் முந்நூற்றுப் பத்தொன்பது ஓட்டு. நம் கட்சிக்கு முந்நூற்றுப் பதினெட்டு. சுயேச்சைகளுக்குப் பூஜ்யம். எதிர்க்கட்சி சார்பில் நின்ற நர்ஸம்மாவுக்கு ஒன்று.

ஒன்று, அம்மாடி. பத்து விழுந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், பத்துப் பேரை யார் தேடுவது? ஒருவர் என்றால் தேடலாம்.

ஐந்து தேர்தலாக இந்த பூத்தில் நூற்றுக்கு நூறு. எங்கள் தொழிற்சங்க அலுவலகச் சுவரில் அதற்காகக் கட்சித் தலைமை கொடுத்த கேடயங்கள் தொங்குகின்றன, நீ பார்த்திருக்கிறாய். இந்த முறை தலைமையிலிருந்து சங்கச் செயலாளருக்குப் போன். "அந்த ஒண்ணு யாரு?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்களாம். நேற்று மாலை ஷிஃப்ட் முடிந்ததும் செயலாளர் எங்களை கேட்டில் நிறுத்தி, "வீட்டுக்குள்ள பாம்பு இருந்தா எப்படித் தூங்கறது?" என்று கேட்டார். எல்லாரும் தலையை ஆட்டினோம். மற்றவர்களை விட நான் இரண்டு ஆட்டு கூட ஆட்டினேன். அதுவே தப்போ என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. சும்மா செய்தி சொல்கிறேன். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, தபால் நிலையத்திலேயே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா

*

மார்ச் 9

அப்பாவுக்கு,

"நான் எதுவும் கேட்கவில்லை" என்று எழுதினால் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். சின்ன வயதில் ஜாடி உடைந்தபோதும் இப்படித்தான் கேட்டீர்கள்.

பதினோரு மணி நேரம் ரயிலில் வந்தேன். எதற்கு? "நம்ம வீட்டுல ரெண்டு ஓட்டு இருக்கு, ஒண்ணு குறைஞ்சா செயலாளர் கேப்பார்" என்று நீங்கள் போன் செய்தீர்கள். அன்றைக்கு பரிசோதனைக் கூடத்தில் என் இடத்தில் வேறு பெண் நின்று ரத்தம் எடுத்தாள். அவளுக்கு நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பதில் நிற்க வேண்டும். வாசலில் "விசில்" நின்றுகொண்டு எங்கள் விரல் மையைப் பார்த்துத் தலை எண்ணினான். கட்சிக்காரர்களை வரிசையில் நிறுத்த விசில் ஊதுகிறவனுக்கு நம் விரலைப் பிடித்துப் பார்க்கிற உரிமை எப்போது வந்தது?

நான் யாருக்குப் போட்டேன் என்று நீங்கள் அங்கே இருந்த ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியாகவே உங்களுக்குத் தோன்றவில்லை. இப்போது மட்டும் என்ன?

ஓட்டு ரகசியம் அப்பா. அப்படித்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்.

உங்கள் மகள்

*

மார்ச் 12

அம்மாடி,

பள்ளிக்கூடத்தில் எனக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அன்றைக்கு நான் போகவில்லை போலிருக்கிறது.

நிலைமை கெட்டுவிட்டது. அவர்களுக்கு ஆள் கிடைத்துவிட்டார். நமக்கு மூன்றாவது வீட்டு டைலர். இரண்டு வருடத்துக்கு முன்னால் மனைவி, இரண்டு சின்னப் பெண்களோடு குடிவந்தாரே, அவர்தான். என்ன சாட்சி என்று கேட்காதே. அவர் பேச்சு வேறு மாதிரி, சொந்தபந்தம் யாரும் இங்கே இல்லை, நம் ஆட்கள் வீட்டில் பெண் எடுக்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. அவ்வளவுதான் சாட்சி. தேர்தலுக்காக நம் கட்சிக்கு நானூறு கொடி தைத்தவர் அந்த மனுஷன். அதைச் சொன்னால் "அதான் பாரு, எவ்வளவு தந்திரம்" என்கிறார்கள்.

திங்கட்கிழமை அவர் வீட்டுக் கதவில் சுண்ணாம்புக்கட்டியால் "1" என்று போட்டிருந்தது. அவர் மனைவி துடைத்தார். செவ்வாய் காலை தார் பூசி "1" போட்டிருந்தது. அது துடைத்தால் போகாது. பொதுக்குழாயில் அந்தம்மா குடம் வைத்தால் பின்னால் நிற்கிறவர்கள் நகர்த்தி வைக்கிறார்கள். நேற்று அவர் துணி கொடுக்கப் போயிருந்த நேரம், பட்டப்பகலில், தையல் மெஷினைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டார்கள். நான் ஷிஃப்ட் முடிந்து வரும்போது சக்கரம் மட்டும் மேலே தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டே கடந்து வந்துவிட்டேன். என் செருப்புக்கு வாரே கிடையாது.

இன்னொன்று. அடுத்த ஞாயிறு, 23-ஆம் தேதி, சங்க அலுவலகத்தில் வீட்டு வரிசைப்படி எல்லாரும் வந்து, கட்சிக் கொடி மேல் கை வைத்து, யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று சொல்ல வேண்டுமாம். வெளியூரில் இருக்கிறவர்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் அனுப்ப வேண்டுமாம். நம் குடியிருப்பில் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியூர் போனவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் கடிதம் வந்துவிட்டது. விசில் இன்று கான்டீனில் என் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, "என்ன சரிண்ணே, பாப்பா கடிதம் வந்துச்சா?" என்று கேட்டான். எனக்கு இந்த ஊரில் அதுதான் பெயர், யார் என்ன சொன்னாலும் "சரிண்ணே" என்கிறேனாம். நான் அதற்கும் "சரிண்ணே" என்றேன்.

ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. "நான் நம் கட்சிக்கே ஓட்டுப் போட்டேன்." கீழே கையெழுத்து. உண்மையோ இல்லையோ, நான் கேட்கப் போவதில்லை. இந்த முறை நிஜமாகவே கேட்கவில்லை.

உன் அப்பா

*

மார்ச் 15

அப்பா,

அந்த வரியை எழுதிப் பார்த்தேன். மூன்று தாள் வீணானது. என்னால் முடியவில்லை.

நான்தான் அப்பா. நர்ஸம்மாவுக்கு நான்தான் போட்டேன்.

எதிர்க்கட்சி மேல் எனக்கு ஒரு ஆசையும் கிடையாது. கட்சிக்குள் வேறு யாரும் நிற்க முன்வரவில்லை என்றுதான் அவர்களே அந்தம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். ஆனால் அம்மா படுத்திருந்த எட்டு மாதம் யார் வந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மருத்துவ நிலையத்தில் வேலை முடிந்து, தினம் மாலை நர்ஸம்மா வருவார். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகுப் புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு, எனக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். இன்றைக்கு நான் பரிசோதனைக் கூடத்தில் கை நடுங்காமல் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறேன் என்றால் அந்த எட்டு மாதம்தான் காரணம். செயலாளர் ஒரே ஒரு நாள் வந்தார், அம்மா போன அன்றைக்கு. கொடியை எடுத்து அம்மா மேல் போர்த்தினார். அம்மாவுக்குக் கட்சி உண்டா இல்லையா என்று அம்மாவிடம் யாராவது எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

ஓட்டு மெஷினுக்கு முன்னால் நின்றபோது நான் பெரிதாக யோசிக்கவில்லை. அந்தம்மா பெயரைப் பார்த்தேன், அமுக்கினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் போட்ட ஒன்றுதான் மொத்தமே என்று தெரிந்திருந்தால்? தெரிந்திருந்தாலும் போட்டிருப்பேன் என்று எழுத ஆசை. உண்மையில் தெரியவில்லை. இப்போது யாராவது பின்னால் வந்து நின்றாலே எனக்குத் திடுக்கென்கிறது.

அந்த டைலரின் பெண்கள் தினமும் அந்தத் தாரைப் பார்த்துக்கொண்டுதானே கதவைத் திறக்க வேண்டும்? 22-ஆம் தேதி ரயிலில் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகள்

*

மார்ச் 19

அம்மாடி,

வராதே. முதலில் இதைப் படி: கூட்டம் 23-ஆம் தேதி இல்லை, 30-க்குத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். செயலாளருக்குத் தலைமையில் ஏதோ வேலையாம். அதனால் டிக்கெட் எடுத்திருந்தால் மாற்றிக்கொள்.

உன் கடிதத்தைத் தபால் நிலையத்திலேயே படித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்து, பிறகு சாக்ஸுக்குள் வைத்து, பிறகு பயம் தாங்காமல் கிழித்துப் போட்டேன். மன்னித்துக்கொள். அம்மாவைப் பற்றி எழுதிய பக்கத்தை மட்டும் கடைசியாகக் கிழித்தேன்.

இனி நான் சொல்வதை யாரிடமும் சொல்லாதே. நானும் நர்ஸம்மாவுக்குப் போடத்தான் போனேன்.

சிரிக்காதே. ஒரு மாதமாக யோசித்தேன். ஒரு நாள் குளித்துக்கொண்டிருக்கும்போது, "போட்டால் யாருக்குத் தெரியும்?" என்று முடிவுக்கு வந்தேன். சோப்பு கையிலிருந்து நழுவிவிட்டது. உன்னிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் நீ தடுப்பாய் என்று நினைத்தேன், கேள் கூத்தை.

மறைப்புக்குள்ளே போனேன். மூன்றாவது பெயர் அந்தம்மாவுடையது. விரலை அதற்கு நேரே கொண்டுபோய், பொத்தான் மேல் லேசாக வைத்தேன். அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "ஐயா, ஆச்சா?" என்று தேர்தல் அதிகாரி குரல் கொடுத்தார். உடனே பீப் சத்தம். பார்த்தால் என் விரல் முதல் பொத்தான் மேல் இருக்கிறது. நான் அமுக்கவில்லை அம்மாடி, கை அமுக்கிவிட்டது. என் வெட்டும் மெஷின் உனக்குத் தெரியுமல்லவா, இரண்டு பக்கமும் இரண்டு பொத்தான், இரண்டு கையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் கத்தி இறங்கும், கை தப்பும். யாராவது "ஆச்சா?" என்றால் போதும், மூளையைக் கேட்காமலே கை தன் இடத்துக்குப் போய்விடும். அதே கைதான் ஓட்டு மெஷின் வந்த நாளிலிருந்து முதல் பொத்தானைத் தேடிப் போகிறது. அன்றைக்கும் வழி தெரிந்தே போனது.

ஆக, கொடி மேல் கை வைத்து நான் தாராளமாகச் சொல்லலாம், ஒரு பொய்யும் இல்லை. ஆனால் நான் உண்மையைச் சொன்னால் அடுத்த விரல் உன் பக்கம் நீளும்.

30-ஆம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஏதாவது யோசிப்போம்.

உன் அப்பா

*

மார்ச் 21

அப்பா,

டிக்கெட்டை 29-க்கு மாற்றிவிட்டேன். நான் வருவதில் மாற்றமில்லை.

நீங்கள் எழுதியதை நான்கு முறை படித்தேன். இத்தனை வருடத்தில் நீங்கள் ஒரு முடிவு எடுத்தீர்கள், அதை உங்கள் கை கெடுத்தது. சிரிப்பும் வந்தது, பிறகு வரவில்லை.

கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படுங்கள். எனக்காக யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்

*

மார்ச் 24

அம்மாடி,

கூட்டம் தள்ளிப் போகவில்லை. நான் பொய் சொன்னேன். நேற்று நடந்து முடிந்தது. நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

காலை பத்து மணிக்கு சங்க அலுவலகம் நிறைந்துவிட்டது. மேஜை மேல் கொடியை விரித்திருந்தார்கள். செயலாளர் நடுவில். டைலரைத் தனியாக ஜன்னல் ஓரம் நிற்க வைத்திருந்தார்கள், உட்கார நாற்காலி இல்லை. அவரைக் கடைசியில் கூப்பிடுவதாகத் திட்டம். கூப்பிட்ட பிறகு என்ன செய்வதாகத் திட்டம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விசிலும் இன்னும் நாலு பேரும் கதவை அடைத்து நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நம் வீட்டு எண் வந்தது. எழுந்தேன். மேஜைக்குப் போனேன்.

"வாங்க சரிண்ணே. பாப்பா கடிதம் எங்க?"

"கடிதம் வேண்டியதில்லீங்க. அந்த ஓட்டு என்னோடது."

பிறகு என்ன நடந்தது தெரியுமா? சிரித்தார்கள். மொத்த அறையும்.

"யாரு, நீயா?" என்றான் விசில். "கரப்பான்பூச்சி பறந்தா ஷிஃப்ட் மாத்திக் கேக்கற ஆளு, நீயா மாத்திப் போட்டே? அண்ணே, போய் உக்காருண்ணே!"

நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன், பழக்கதோஷம். உன் அப்பாவை உலகம் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள். குற்றத்தை ஒப்புக்கொண்டால்கூட ஏற்க மாட்டேன் என்கிறார்கள்.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "பொண்ணைக் காப்பாத்தறியா?" என்று மெதுவாகக் கேட்டார். இங்கே தடுமாறினால் எல்லாம் போச்சு. அதனால் தெரிந்ததைச் சொன்னேன்.

"மூணாவது பேருங்க. மத்த பேரெல்லாம் ஒரே நேரா இருக்கும், அவங்க பேரு மட்டும் அச்சுல ஒரு நூல் கீழ இறங்கியிருக்கும். பக்கத்துப் பொத்தானோட வலது ஓரத்துல நகம் பட்ட மாதிரி ஒரு கீறல். மேல விளக்கு வெளிச்சம் பட்டா அந்தக் கீறல் மட்டும் மின்னும். விரலை மேல வச்சப்போ லேசா சில்லுன்னு இருந்துச்சு. நான் அங்கேயே நின்னேன். 'ஐயா, ஆச்சா?'ன்னு அதிகாரி கேட்டாரு. அப்புறம்தான் பீப்."

அத்தனையும் உண்மை. ஒரு வரி மட்டும் விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

யாரும் சிரிக்கவில்லை. விசில் முகம் மாறியது. "ஆமா," என்றான் தயங்கி, "நான் அவருக்குப் பின்னாடிதான் நின்னேன். ரொம்ப நேரம் எடுத்தாரு. அதிகாரி சத்தம் போட்டது எனக்கும் கேட்டுச்சு."

செயலாளர் என்னையே பார்த்தார். "முதல் பொத்தானுக்குக் கீழ என்ன இருக்குன்னே நம்ம ஆளுங்களுக்குத் தெரியாது," என்றார். அப்படிச் சொல்லிவிட்டு மேஜையிலிருந்த கொடியை மடித்தார். நம்பிவிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. அது வரைக்கும் இருந்த பயம் ஒன்றுமே இல்லை அம்மாடி. நிஜப் பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடச் சீக்கிரம் முடிந்திருக்கும். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வெட்டும் மெஷினிலிருந்து எடுத்து, கழிவு அட்டைக் கொட்டகையில் போட்டிருக்கிறார்கள். இன்று காலை நம் கதவிலும் தாரில் "1". ஆறாம் வகுப்பில் கணக்கில் வாங்கியதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒன்று இதுதான்.

டைலரை விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் அவரிடம் போனேன். நன்றி சொல்வார், நாலு வார்த்தை நல்லதாகக் கேட்கலாம் என்று ஒரு அற்ப ஆசை. அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "பதிமூணு நாள் எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

உன் அப்பா

*

மார்ச் 27

அப்பா,

திட்டத்தான் எழுதுகிறேன்.

என்னைக் காப்பாற்றினீர்கள், தெரியும். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்து இரண்டு நாள் வேலையில் ரத்த மாதிரிக் குழாய்களில் பெயர் மாற்றி ஒட்டினேன். ஆனால் அப்பா, என்னை யாரும் கேட்காமல் இத்தனை வருடம் கட்சிக்காரியாக வைத்திருந்தீர்கள். முதல் முறையாக நானே ஒன்று செய்தேன். அதையும் என்னைக் கேட்காமல் உங்கள் பெயருக்கு எடுத்துக்கொண்டீர்கள். இது உங்களுக்குப் புரிகிறதா?

நான் வருகிறேன், சாமான் கட்ட. 29-ஆம் தேதி டிக்கெட் அப்படியேதான் இருக்கிறது. என் அறை சின்னது. இரண்டு கட்டில் போட்டால் கதவு திறக்காது. ஒன்றைப் பகலில் மடக்கி வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 3

அம்மாடி,

நீ சாமானோடு முன்னால் போய் மூன்று நாள் ஆகிறது. வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தும், கணக்கு முடித்துக் கொடுக்க இன்னும் நாலு நாள் இழுக்கிறார்கள், அது வரை கொட்டகைக் காவலாளியின் அறையில் படுக்கிறேன். வெளியே காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். பெரும்பாலும் பூனை. ஒரு முறை காவலாளி. அவர் என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

புரிகிறதா என்று கடிதத்தில் கேட்டாயே. புரிகிறது. உன் ஓட்டை நான் திருடிக்கொண்டேன். என் ஓட்டை என் கை திருடியது, அந்த நஷ்டத்தை உன்னிடம் ஈடு கட்டிக்கொண்டேன் போலிருக்கிறது. எந்த மேஜையில் கேட்டாலும் இனி அதை மாற்றிச் சொல்ல முடியாது. ஆனால் உன்னிடம் எழுத்தில் தருகிறேன்: அந்த ஒன்று உன்னுடையது. இந்தத் தாளை நீ கிழிக்காதே.

இன்னொரு விஷயத்துக்காகத்தான் இன்று இந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். போனில் சொல்கிற விஷயமில்லை.

கொட்டகையில் யாரும் என்னோடு பேசுவதில்லை. எதிரே வந்தால் ஒதுங்கிப் போகிறார்கள். ஆனால் திங்கட்கிழமை, ஒட்டுப் பிரிவில் வேலை செய்கிற அந்தக் குண்டு அக்கா கழிவைக் கொட்ட வந்தார். நாற்பது வருடக் கட்சிக் குடும்பம், அவர் அண்ணன்தான் தேர்தலுக்கு மைக் கட்டுகிறவர். சுற்றிலும் பார்த்தார். குனிந்து அட்டையைத் தள்ளுகிற மாதிரி கிட்டே வந்து, "அண்ணே, அமுக்கும்போது கை நடுங்கலையா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நேற்று லாரி டிரைவர். அவரும் அதே கேள்வி. அதே வார்த்தை. அவர் மனைவியோடு நாலு வருடமாகச் சண்டை, மாமனார் கட்சி வேறு என்பதால்.

இன்று காலை யார் வந்தது தெரியுமா? விசில். கழுத்தில் விசிலோடேயே வந்தான். மிரட்டத்தான் வந்திருக்கிறான் என்று நான் அட்டைக் கட்டுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவன் காலால் ஒரு அட்டைத் துண்டை நகர்த்தினான். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டான்:

"கை நடுங்கலையாண்ணே?"

ஏன் இவர்கள் எல்லாரும் கையைப் பற்றியே கேட்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். மூன்றாவது பொத்தானுக்கு நேரே விரலைக் கொண்டுபோகாதவனுக்கு இந்தக் கேள்வி தோன்றாது அம்மாடி. அந்த மறைப்புக்குள்ளே எத்தனை விரல் போய்த் திரும்பி வந்ததோ, எந்த பூத் கணக்கிலும் அது வராது.

அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்றா கேட்கிறாய்?

"நடுங்குச்சுப்பா, ரொம்ப. இருந்தாலும் அமுக்கிட்டேன்," என்றேன்.

பாதி உண்மை. மீதிப் பாதியை அவன் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அப்பா